மச்சினனின் அறுபது அட்டைகள்

அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஞாயிறுதோறும் ஒரு ஸ்டேஷனரி கடை மாடியில் நடக்கும் அட்டை விளையாட்டுப் போட்டிக்குப் போவார். அறுபது அட்டை சேர்ந்தால் ஒரு டெக். ஜெயித்தவர்களின் டெக் விவரம் இணையத்தில் கிடைக்கும். அதை அப்படியே காப்பியடிப்பதை அங்கே யாரும் தப்பாக நினைப்பதில்லை. அவரும் காப்பியடித்தார், தோற்றார். எல்லோரும் அதே டெக்கோடு வந்தால் வேறென்ன நடக்கும்?

லிஃப்ட் மெக்கானிக்கான மச்சினன் மட்டும் நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு சொந்தமாக ஒன்றைச் சேர்த்தான். ஆடிப் பார்க்க அக்கா வீட்டுக்குத்தான் வருவான்.

"மாமா, வெளிய மூச்சு விட்றாதீங்க. தேசியப் போட்டிக்கு ஒரே ஒரு இடம். இத வெச்சுத்தான் புடிக்கணும்."

அவர் மூச்சு விடவில்லை. மச்சினன் கைகழுவப் போன நேரத்தில் அறுபதையும் பரப்பிப் படமெடுத்துக்கொண்டார்.

அந்த இடத்துக்கான போட்டியின் அரையிறுதியில் இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று. முதலில் இறங்கியவை எல்லோரிடமும் இருக்கும் அட்டைகள். அப்புறம் அவர் ஓர் ஆமை அட்டையை இறக்கினார். மச்சினன் சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது.

"மாமா," குரலைத் தாழ்த்தினான். "நல்ல அட்டை கிடைக்கலன்னு நான் ஒப்புக்குச் சொருகி வெச்சது அது. உங்களுக்கு எதுக்கு ஆமை?"

அதில் ஏதோ சூட்சுமம் இருக்கும் என்று நம்பி மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியிருந்தார்.

ஆட ஆட, இரண்டு பக்கமும் ஒரே அட்டைகள் விழுந்தன. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே டெக்! எந்த சைட்ல சுட்டீங்க, மாமனும் மச்சானும்?"

'இவன் செஞ்சது' என்றால் போதும். ஆனால் அதைச் சொன்னால், உன் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்வி பின்னாலேயே வரும். அவர் அட்டைகளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டார்.

"நெட்லதாண்ணே," என்றான் மச்சினன்.

அவர் அந்த ஆட்டத்தை ஜெயித்தார், இறுதி ஆட்டத்தையும். கடைக்காரர் கைகுலுக்கியபோது அவருக்குத் தாங்கவில்லை. "என் டெக் இல்லீங்க. மச்சினன் செஞ்சது. நான் திருடிட்டேன்."

பக்கத்து மேசைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நெட்ல எடுத்ததுன்னு மச்சினனே சொல்லிட்டாரே! தோத்த மச்சினனையும் விட்டுக்குடுக்க மாட்டேங்கறார் பாருங்கய்யா!"

எல்லோரும் கைதட்டினார்கள். மச்சினன் எப்போதோ படியிறங்கிப் போயிருந்தான்.