ராஜபார்ட் நடந்த பத்துக் காலடிகள்

என் அப்பா அடைக்கலராஜ் நல்ல நடிகர் அல்லர். கோட்டுச்சேரியில் சைக்கிள் கடை வைத்துப் பஞ்சர் ஒட்டியவர். கோயில் திருவிழா நாடகங்களில் ராஜபார்ட் கட்டுவார். வசனம் மறந்தால் வாளை உருவுவார். கூட்டம் "ஒன்ஸ்மோர்!" என்று கத்தும். அது கிண்டல் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. மறுபடியும் உருவுவார்.

1978இல் நாடக மேடைக்குப் பந்தல் போடும்போது சாரத்திலிருந்து விழுந்தார். முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அதன்பின் கட்டிலிலிருந்து கொல்லைக் கக்கூசுக்கு அம்மா லூர்தம்மாள்தான் அவரைத் தூக்கிப் போனாள். அம்மாவின் எடை நாற்பது கிலோ. தூரம் பதினான்கு காலடி.

"அதை மட்டும் நானா நடந்துட்டா போதும்மா" என்பார். என்னிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

நான் மின்னணுவியல் படித்தவள். செயலற்ற கால் தசையை மின்சாரத்தால் இயக்கும் பெட்டிக்குச் சென்னை மருத்துவர் ஒருவர் வரைபடம் கொடுத்தார். பெட்டியை நான் செய்தேன். தொடைமேல் ஒட்டிய ரப்பர் பட்டைகள் வழியாக மின்துடிப்பு போனால் முழங்கால் நிமிரும். முழங்காலுக்குக் கீழே நரம்பில் கொடுத்தால் கால் மடங்கி மேலெழும். கைகளால் வாக்கரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் இயக்கும் தசை சீக்கிரம் களைக்கும். அந்தக் களைப்பு அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நடைக்குப் பின்னும் இருபது நிமிட ஓய்வு. எட்டு மாதத்தில் பத்துக் காலடி வந்தது.

அப்போது மரியசூசை வந்தார். காரைக்காலில் ஒரு சேவைச் சங்கத்தின் செயலாளர். ஒரு தையல் மெஷினைக் கொடுக்க ஒன்பது பேர் கைவைத்துப் படமெடுத்துக்கொள்ளும் சங்கம்.

"அண்ணே, ஆண்டு விழாவுல நீங்க நடக்கணும். ஊருக்கே பெருமை!"

"இன்னும் நாலு காலடி வரணுங்க" என்றேன்.

"மேடையில என்ன கக்கூசாம்மா இருக்கு? பத்து போதும்."

அப்பா அதற்குள் மீசையை முறுக்கத் தொடங்கியிருந்தார்.

விழாவில் பத்துக் காலடியும் நடந்தார். புகைப்படக்காரரின் பிளாஷ் எரியவில்லை. மரியசூசை மைக்கைப் பிடித்து, "அண்ணே, ஒன்ஸ்மோர்!" என்றார். அரங்கம் முழுவதும் அதையே கத்தியது.

"உக்காருங்கப்பா. இருபது நிமிஷம்."

"ஜனம் கேக்குதும்மா. சுவிட்சப் போடு."

"கால் தாங்காதுப்பா."

"ராஜபார்ட்டு உக்காந்தா ஜனம் எழுந்திரிச்சுப் போயிடும். போடுடி!"

மூன்றாவது காலடியில் முழங்கால் மடிந்தது. ஏழு வருடம் பாரம் தாங்காத எலும்பு, தொடையில் முறிந்தது. வலி தெரியாத அப்பா தரையில் கிடந்தபடியே கும்பிட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

படுக்கைப் புண் சீழ் பிடித்து ஐந்தாவது வாரம் இறந்தார். கடைசி நாள் வரை அம்மாதான் தூக்கினாள்.

சங்கம் இரங்கல் தீர்மானம் போட்டது. அதில் என்னை 'இளம் விஞ்ஞானி' என்று எழுதியிருந்தார்கள். அந்த அரங்கத்தில் இருபது நிமிட ஓய்வு எதற்கென்று அறிந்தவள் நான் ஒருத்திதான். சுவிட்ச் என் கையில் இருந்தது. போட்டேன்.