கையை அமுக்கினால் போதும்

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் கை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்தது துப்புரவுக்கு. ஆனால் அறுவை அறைக்குள் அவள் துடைப்பத்தைத் தொட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. மேஜையில் படுத்திருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் ஒருமுறை அந்த மேஜையில் போய்ப் படுத்துப் பார்க்கட்டும். கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போக வைத்துவிடுவார்கள், வலி இருக்காது. ஆனால் ஆள் விழித்துக்கொண்டுதான் கிடப்பார். முகத்தின் மேல் துணி, அதில் ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை. பேசக் கூடாது, தலையை அசைக்கக் கூடாது. கத்தி தன் கண்ணுக்குள்தான் இருக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். வாய்ச்சொல் வீரர்களுக்கெல்லாம் அங்கே தொடை நடுங்கும்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே தற்செயல்தான். ஒருநாள் தரையைத் துடைத்துக்கொண்டு போனவளின் கையை, மேஜையில் கிடந்த ஒரு போலீஸ்காரர் எட்டிப் பிடித்தார். ஊரையே மிரட்டும் மீசை. பிடித்த கையை விடவே இல்லை. அதுவரை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்த உடம்பு மெல்ல அடங்கியது. "அப்படியே நில்லு, நகராதே" என்றார் டாக்டரம்மா. நின்றவள் நின்றவள்தான்.

பிறகு அதற்கு ஒரு முறை வந்தது. உள்ளே வருகிறவர்களிடம் முன்கூட்டியே அவள் சொல்லிவிடுவாள்: "இருமல் வருதா, தும்மல் வருதா, கையை அமுக்கினா போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன்." அமுக்கியதும் அவள் "இருங்கம்மா" என்பாள். டாக்டரம்மா கருவியைக் கண்ணிலிருந்து வெளியே எடுத்துவிடுவார். படுத்திருப்பவர் நிம்மதியாக இருமிக்கொள்ளலாம். பயத்துக்கென்று மருந்தோ மாத்திரையோ அங்கே கிடையாது, அவள் கையும் வாயும்தான். வாயால் அவள் தன் வீட்டுக்காரரின் மானத்தை வாங்குவாள். அவர் பஸ் டிரைவர். ஒருநாள் அரைத்தூக்கத்தில், வண்டி நிறைய ஆட்களோடு நேராகத் தன் வீட்டுத் தெருவுக்கே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திய புண்ணியவான். "சிரிக்க வைக்காதே, கண்ணு ஆடுது" என்று டாக்டரம்மா அதட்டுவார். அதட்டும் குரலிலேயே சிரிப்பு இருக்கும்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் சனியன் வந்து விரல் நுனியில் உட்கார்ந்தது.

அவளுக்குச் சர்க்கரை உண்டு. அடுத்தவர்களை மாத்திரை சாப்பிடச் சொல்லித் திட்டுகிறவள், தன் மாத்திரையை மறந்துவிடுவாள். முதலில் விரல் நுனிகள் மதமதவென்று இருந்தன. பிறகு ரவிக்கைக் கொக்கி மாட்ட நேரமாயிற்று. ஒரு காலையில் சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன தீயுது?"

"ஒண்ணும் தீயலையே."

அவர் பார்வை கீழே போனது. கொதிக்கிற பாத்திரத்தின் விளிம்பில் அவள் இடது கை பதிந்திருந்தது. அவர்தான் அதைப் பிடித்து இழுத்தார். தோல் வெந்து வெளுத்துப் போயிருந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"டாக்டரம்மாகிட்ட இன்னைக்கே சொல்லு" என்றார் அவர்.

"சொன்னா? மறுபடி துடைப்பத்தை எடுன்னு சொல்வாங்க."

"எடுத்தா என்ன, குறைஞ்சா போயிடுவ?"

குறைந்துதான் போவாள். அது அவருக்குப் புரியாது. தெருவில் எதிரே வருகிறவர்கள் நின்று, "இந்தக் கைதான் அன்னைக்கு என்னைக் காப்பாத்துச்சு" என்று சொல்லிக் கேட்டவள் அவள். அந்தச் சொல்லுக்கு அவள் அடிமையாகிவிட்டிருந்தாள். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் உண்மை அதுதான். இடது கைக்குப் பதில் வலது கையைக் கொடுத்தாள். சில மாதங்களில் அதுவும் போனது. அதற்குப் பிறகு ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். கையை நம்பாமல் கண்ணை நம்பினாள். பிடித்திருப்பவரின் விரல் கணுக்கள் வெளுத்தால் அமுக்குகிறார் என்று அர்த்தம். கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு கதை சொன்னாள். ஒருமுறையும் தவறவில்லை. தவறாததால் துணிச்சல் வந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்கிற கணக்குத்தான்.

அடுத்த தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார். சிறு வயதில் கத்தரிக்கோல் குத்தி ஒரு கண் போனவர். இருக்கிற ஒரு கண்ணை வைத்துக்கொண்டே ஊர் பாதிக்குத் துணி தைத்தார். அந்தக் கண்ணிலும் புரை வந்து மூடத் தொடங்கியிருந்தது. ஆபரேஷன் என்றாலே எழுந்து உள்ளே போய்விடுவார். இருக்கிற ஒன்றும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடும் நிலைமை வந்தபோது, அவள்தான் அவர் கடைக்குப் போய்ப் பேசினாள்.

"எனக்கு இருமல் தொல்லை வேற இருக்கு தங்கச்சி. நடுவுல இருமிட்டா?"

"என் கை எதுக்குண்ணே இருக்கு? அமுக்கினா போதும்."

"அப்படியா? எங்க, கையைக் குடு. கண்ணை மூடிக்கோ. எத்தனை தடவை அமுக்கறேன்னு சொல்லு பார்ப்போம்."

அவள் கண்ணை மூடினாள். இருட்டு. கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இமையைக் கொஞ்சமாகப் பிரித்து, மங்கலாகத் தெரிந்த அவர் விரல்களைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவை."

தையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, உன்னை நம்பி வர்றேன்" என்றார். அவருக்குப் புரை விழுந்த கண். அவள் இமை பிரிந்ததை அது எங்கே பார்த்தது?

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்குப் பசியில்லை என்றாள்.

ஆபரேஷன் நாளன்று அறைக்குள் ஏசி வழக்கத்தைவிடக் குளிர்ந்தது. தையல்காரருக்குப் பயத்தோடு குளிரும் சேர்ந்துகொள்ள, உடம்பு உதறியது. ஊசி போட்டு, துணியை மூடி, டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் குனிந்துவிட்டார். அவள் கையைக் கொடுத்தாள். அவர் பற்றிக்கொண்டார். பற்றியதை அவள் பார்த்தாள். அப்போதுதான் நர்ஸ், நல்ல மனதோடு, ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவர் கழுத்துக்குக் கீழே முழுக்கப் போர்த்திவிட்டாள். இரண்டு கைகளும் அதற்குள் போய்விட்டன.

"போர்வை வேணாமே" என்றாள் அவள்.

"நடுங்குறாருக்கா, பாவம்."

"இல்ல, கை மட்டும் வெளிய..."

"பேசாம இருங்க ரெண்டு பேரும்" என்றார் டாக்டரம்மா. கண்ணுக்குள் கருவி இறங்கிவிட்டிருந்தது.

ஒரே ஒரு வாக்கியம் போதும். என் கைக்கு உணர்ச்சி இல்லை. அது தொண்டைவரை வந்தது. இத்தனை பேர் முன்னால், இத்தனை காலத்துக்குப் பிறகு, அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஒன்றும் ஆகாது, இதுவரை ஆனதா என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பஸ் கதையை ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் வண்டியை வாசலில் நிறுத்தி, கைலியைத் தேடியதுவரை சொன்னாள். போர்வையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். போர்வை அசைந்ததா, அவர் மூச்சு விட்டதில் ஏறி இறங்கியதா, புரியவில்லை. குரலில் நடுக்கம் வந்தது. நர்ஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

தையல்காரர் இருமினார்.

அடக்கி அடக்கி வைத்த இருமல். தலை மேஜையிலிருந்து எம்பி விழுந்தது. டாக்டரம்மா கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டார். கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு நர்ஸிடம் தாழ்ந்த குரலில் ஏதேதோ கேட்டார். வழக்கமாக மேஜைக்கு வராத கருவிகளெல்லாம் வந்தன. கதையின் மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. அவள் போர்வைக்குள் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்தார்கள். டாக்டரம்மா அவர் முகத்துக்கு முன்னால் விரல்களை நீட்டினார்.

"எத்தனை விரல்னு சொல்லுங்க."

"வெளிச்சம் தெரியுது டாக்டரம்மா."

"விரல்?"

"வெளிச்சந்தான் தெரியுது."

கண்ணுக்குள் இருக்கிற மெல்லிய பை கிழிந்துவிட்டது, வேறு ஆஸ்பத்திரியில் இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், ஆனால் தைக்கிற அளவுக்குப் பார்வை வருமென்று சத்தியம் பண்ண முடியாது என்றார் டாக்டரம்மா. அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திடீரென்று வந்த இருமல் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு, தையல்காரரின் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருந்து வாங்கக் கிளம்பினாள். அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"தங்கச்சி, இருக்கியா?"

"இங்கதாண்ணே இருக்கேன்."

"நீ மனசைப் போட்டு உழப்பிக்காத. நான் அமுக்கினேன், இல்லேன்னு சொல்லல. மூணு நாலு தடவை அமுக்கினேன். பயத்துல கை வலு இல்லாம போயிருக்கும். உன் மேல என்ன தப்பு? நாந்தான் சரியா அமுக்கல."

தைத்து, பொத்தானும் வைத்து, அளவு பிசகாத சட்டை மாதிரி ஒரு பொய்யை அவரே அவளுக்குக் கொடுக்கிறார். போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. யாருக்கும் தெரியப்போவதில்லை. நாளைக்கும் உள்ளே போய் வேறொருவருக்குக் கையைக் கொடுக்கலாம். அந்த வேறொருவரின் கண்ணையும் அவள் நினைத்துப் பார்த்தாள்.

அவர் காற்றில் துழாவினார். அவள் கையைக் கொடுத்தாள்.

"இதோ, இந்த அளவுக்குத்தான் அமுக்கினேன். இது பத்தலையா?"

அவள் குனிந்து பார்த்தாள். காலமெல்லாம் கத்தரிக்கோல் பிடித்த விரல்கள். கணுக்கள் வெளுத்து, நகங்கள் அவள் தோலில் பிறைபிறையாக இறங்கியிருந்தன.

"பத்தும்ணே. யாரா இருந்தாலும் தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் ஏம்மா?"

"எனக்குத்தான் தெரியல. என் கை செத்து ரொம்ப நாளாச்சு. அன்னைக்குக் கடையில நீங்க கேட்டப்ப, கண்ணைத் திறந்து பார்த்துத்தான் சொன்னேன்."

வெளிச்சம் மட்டும் தெரிகிற அந்தக் கண்ணை தையல்காரர் அவள் குரல் வந்த பக்கம் திருப்பி வைத்திருந்தார். பிறகு அவள் கையை விட்டுவிட்டார். விட்டதைக்கூட அவள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.