விமானத்தின் வயிற்றுப்பக்கம்

என் அறை முகட்டிலிருந்து தூண்டில் நூலில் ஒரு பிளாஸ்டிக் விமானம் தொங்குகிறது. முழங்கை நீளம், சாம்பல் நிறம். கதிரையில் ஏறித் தூசி துடைக்கும்போது அதன் முதுகில், விமானியின் கூண்டிலிருந்து வால்வரை ஓடும் ஒரு கோடு கண்ணில் படும். இரண்டு பாதிகளை ஒட்டிய இடம் அது. துடைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டைத் தடவிப் பார்க்காமல் எனக்கு இறங்க மனம் வராது.

அதைச் செய்தவர் என் மச்சாள், அண்ணையின் மனைவி; அவருக்கு நானும் மச்சாள்தான். திருகோணமலைக்காரி. மொன்றியலில் இருபது வருடமாகப் பல் கட்டும் இடமொன்றில் வேலை. செயற்கைப் பற்களை அராவி, மினுக்கி அனுப்புவார். மினுக்கும் பசை வாங்கப் போன கடையில்தான் ஒட்டிச் செய்யும் இந்த விமானப் பெட்டியைக் கண்டாராம். அண்ணை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்று அறியும் விடுப்புத்தான் வந்தது. விமான நிலையத்துக்குக் கிட்ட, கர்க்லாண்டில் அவர்கள் வீட்டுக்கு மேலால் விமானங்கள் தாழ இறங்கும். வந்த புதிதில் அந்தச் சத்தம் கேட்டால், காயப்போட்ட உடுப்பையும் விட்டுவிட்டு மச்சாள் உள்ளே ஓடிவிடுவார். அப்படிப்பட்ட மனுசி விமானமொன்றை ஏன் வீட்டுக்குள் கொண்டு வந்தார்?

கேட்டேன். "இருபது வருசமாய் நான் செய்யிறதெல்லாம் மற்றவையின்ர வாய்க்குள்ள போகுது, மச்சாள். என்ர பேர் போட்ட சாமான் ஒண்டு நாலுபேர் பாக்க மேசையில இருக்கவேணும்" என்றார். மொடல் செய்கிறவர்களின் சங்கமொன்று வருடாவருடம் கண்காட்சி வைக்கும். அதற்குப் பெயரும் கொடுத்துவிட்டார்.

பிறகென்ன, சனிக்கிழமை தவறாமல் நான் இருக்கும் மொன்றியல்-நோரிலிருந்து பஸ், மெட்ரோ, திரும்ப பஸ் என்று ஏறி அவர்களது பேஸ்மன்டில் போய்க் குந்திவிடுவேன். ஒட்டுக் கோட்டில் பள்ளம் நிரப்பும் புட்டிப் பசை பூசி, காயவிட்டு, மெல்லிய சாண்ட்பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பார். பார்த்தால் கோடு இருந்த இடமே தெரியாது. சாம்பல் பூச்சை அடித்ததும் மயிரளவு பள்ளமொன்று எங்கிருந்தோ வந்து நிற்கும். திரும்பவும் புட்டி. "கண்ணை நம்பாதேங்கோ, நகத்தை வைச்சு இழுத்துப் பாருங்கோ" என்று கண்ணை மூடிக்கொண்டு அவரே இழுப்பார். ஐந்து தரம் பூசித் தேய்த்தார். அவர் மடியில் விமானம் எப்போதும் மல்லாக்கவே கிடந்தது. இவ்வளவு விடுப்புப் பார்த்த எனக்கு அது மட்டும் உறைக்கவில்லை.

கண்காட்சி ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. மேசையில் விமானம், பக்கத்தில் மச்சாளின் பெயர் எழுதிய அட்டை. நடுவர் ஒருவர் 'பொன்ஜூர்' சொல்லிவிட்டு, சின்ன டோர்ச்சை அதன் முதுகில் அடித்தார். கோடு அப்படியே கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு தரம் தேய்த்ததோடு சரி. மச்சாளின் முகம் செத்துப்போயிற்று. நடுவர் ஏதோ குறித்துக்கொண்டு விமானத்தைப் பிரட்டினார். வயிற்றில் நகத்தை வைத்து இழுத்தார். திரும்ப இழுத்தார். மற்ற நடுவரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, ஏன் இந்தப் பக்கம் மட்டும் இப்படி என்று பிரெஞ்சில் கேட்டார். மச்சாள் பெயர் அட்டையை நேராக்கி வைத்தார். பரிசு கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில்தான் சொன்னார்.

"சின்னனில பங்கருக்க மல்லாக்கக் கிடந்துதானே குண்டு போட வாற பிளேனைப் பாத்தனாங்கள். பிளேன் எண்டால் எனக்கு வயிறுதான், மச்சாள். அதுக்கு முதுகு ஒண்டு இருக்கெண்ட நினைப்பே வரேல்லை."

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் இப்படியொரு பிழை விடுவார்கள்? "முதுகையும் பேந்து தேய்ச்சால் சரி" என்று ஏதோ சொல்லிவைத்தேன். "ஓம்" என்றார். ஆனால் தேய்க்கவில்லை.

மச்சாள் காலமாகி இது மூன்றாவது பனிக்காலம். அண்ணைதான் விமானத்தை என்னிடம் தந்தார். நூலில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கட்டிலில் படுத்தேன். வயிற்றில், இரண்டு இறக்கைகளுக்கும் நடுவில், பொடி எழுத்தில் மச்சாளின் பெயர். தமிழில். நடுவர் பிரட்டியபோது அங்கே ஒன்றும் இருக்கவில்லை, நானும் பார்த்தேன். மேசையில் வைத்தால் அது யார் கண்ணிலும் படாது.

கதிரையில் ஏறி, எழுத்தின் மேல் நகத்தை வைத்து இழுத்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. இப்போது காலையில் கண் விழித்ததும் முதலில் வாசிப்பது அந்தப் பெயரைத்தான்.