மெழுகுதிரிக்காகப் பூட்டிய கதவு

தவக்காலம் தொடங்கினால் பள்ளிமுனையில் செலீனா அக்காவைத் தேடி ஆள் வரும். ஆண்டவருடைய பாடுகளை வீடு வீடாக இருந்து பாடும் பசாமுக்கு அவர்தான் முதற்குரல். மற்ற நாட்களில் கடற்கரையில் கருவாடு காயவைப்பார்.

இருமல் தொடங்கியது ஒரு மார்கழியில். கசமாக இருக்குமோ என்று அவருக்கு உள்ளுக்குள் பயம். ஒருவருக்கும் சொல்லாமல் தான் தேத்தண்ணி குடிக்கும் பேணியையும் சாப்பிடும் கோப்பையையும் தனியாக வைத்துக்கொண்டார். அது போதுமென்று நினைத்து அந்தத் தவக்காலமும் பாடினார். எங்கள் காசநோய் கிளினிக்குக்கு வந்தது ஆவணியில்தான். அன்றிலிருந்து தினமும் என் முன்னால்தான் மாத்திரை விழுங்கினார். அந்த மருந்துக்கு மூத்திரம் செம்மஞ்சளாகப் போகும்; அதையும் பகிடியாக்குவார்.

"மூத்திரம் போற நிறத்துக்கு ஒறேஞ் பார்லி எண்டு வித்துப்போடலாம், தங்கச்சி."

ஐந்தாம் மாதத்திலும் சளியில் கிருமி இருந்தது. மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பினோம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முதல் நாள் அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். அதைத் தமிழில் சொல்வது என் வேலை.

"முக்கியமான ரெண்டு மருந்துக்கும் இந்தக் கிருமி சாகாதாம், அக்கா. உங்களில பிழையில்லை. வேற மருந்துக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில தங்கி நிக்கவேண்டி வரும்."

"அதுக்கென்ன, நிப்பம். மற்றப் பக்கத்தில என்ன இருக்கு?"

கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்திருந்தார்கள். இந்த மாவட்டத்தின் இன்னொரு நோயாளியின் கிருமிக்கும் இதற்கும் ஒரு எழுத்துக்கூட வித்தியாசமில்லை. இன்னொருவருக்கும் இதே கிருமி என்று மட்டும் சொன்னேன்.

"றொசானாவோ?"

அக்கா வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருப்பவள். பதினெட்டு வயது. பசாமில் அக்காவோடு ஒட்டி இருந்து எதிர்க்குரல் பாடினவள். கார்த்திகையில் அவளை ஆஸ்பத்திரி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனதை ஊரே கண்டது. என்ன நோயென்று வீட்டார் வாய் திறக்கவில்லை.

"பேர் சொல்லேலாது, அக்கா."

"ஆர் ஆருக்குக் குடுத்தது எண்டாவது எழுதியிருக்கோ?"

"இல்லை." அது உண்மை.

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நான் படிவத்தை எடுத்தேன்.

"கூடப் பாடின ஆக்களின்ர பேரைச் சொல்லுங்கோ. இது காத்தில பரவிறது, எல்லாரையும் சோதிக்கோணும்."

"எழுதுங்கோ. யசிந்தா. யாகப்பர் அண்ணன். அவர் பாடினதைவிட நித்திரை கொண்டதுதான் கூட, எண்டாலும் எழுதுங்கோ. றெனால்ட். றொசானா."

ஏற்கெனவே எங்கள் பதிவில் இருப்பவர்களின் பெயரை அந்தப் படிவத்தில் எழுதுவதில்லை. பழக்கத்தில் என் கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமாக அந்தப் பெயரை எழுதினேன். பிந்திவிட்டது.



"பசாம் பாடேக்க காத்துக்கு மெழுகுதிரி நூருதெண்டு கதவு யன்னலெல்லாம் பூட்டச் சொன்னது நான்தான்," என்றார். "பேணியைத்தான் வேறயா வைச்சனான்."

அறிக்கையை மடித்தேன்.

"மிச்சத்தையும் எழுதுங்கோ, தங்கச்சி. அந்த அறைக்குள்ள இன்னும் ஏழு பேர் இருந்தவை."