நெல்லூர் மாடும் பழவேற்காட்டு வைக்கோலும்

பழவேற்காட்டுக்கு இறைச்சி மாடு ஓட்டிப்போக நெல்லூர்ப் பக்கத்து ஆட்கள் பலர் என்னிடம் வழி கேட்கிறார்கள். வழி சுலபம். மாட்டின் வயிறுதான் கஷ்டம். ஆகவே போன தை மாதம் நானும் என் மனைவியின் தம்பி மஸ்தானும் போய்வந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஒல்லாந்தர் கப்பல்களில் உப்புக்கண்டம் போட மாடு தேவை என்று கோட்டைத் துபாஷி சொல்லி அனுப்பியிருந்தார். துரைகளுக்கும் நமக்கும் நடுவே பேசுகிறவர் அவர்தான். நெல்லூரில் பன்னிரண்டு பெரிய எருதுகளைச் சேர்த்தோம். அதில் ஒரு வெள்ளை எருது, மஸ்தான் கன்றிலிருந்து தன் கையால் வளர்த்தது. கழுத்தில் நுகத்தடிப் புண் ஆறவேயில்லை. உழவுக்கு உதவாது என்றாகி, மனமில்லாமல்தான் ஓட்டி வந்தான். வியாபாரம் என்று அவன் கிளம்பியது இதுதான் முதல் தடவை.

நெல்லூரிலிருந்து தெற்கே வரும் வழியிலுள்ள ஆரம்பாக்கத்திலிருந்து பழவேற்காடு ஏறத்தாழ இரண்டு காதம், மாட்டோடு இரண்டு பகல். நடுவில் பொன்னேரிச் சந்தையில் உள்ளூர்க் குட்டை மாடுகள் எட்டு வாங்கினோம். ஆரம்பாக்கத்திலேயே மாடுகளுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிடுங்கள். பழவேற்காட்டு உப்பேரியை நெருங்க நெருங்கக் கிணற்று நீர் கரிக்கும்.

பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் தாயம்மா என்ற மீன்காரி தன் வீட்டுப் பின்புறத்தை மாடு கட்ட விட்டார். வாரத்துக்கு ஒரு பணம். அறுவடை முடிந்திருந்ததால் நெல் வைக்கோல் மலிவு. குட்டை மாடுகள் போட்டதையெல்லாம் தின்று தீர்த்தன. சோளத்தட்டையில் வளர்ந்த நெல்லூர் மாடுகள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னா பாய், உங்க பெரிய மாடுங்க மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குதுங்களே?” என்றார் தாயம்மா.

மறுநாள் துபாஷி வந்து சுற்றிப் பார்த்தார். “கப்பல் வர பத்து நாளாவது ஆவும். வெலா எலும்பு தெரியற மாடு வாணாம்னு தொரை சொல்லிட்டாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெறும் வைக்கோலில் சத்து கிடையாது. அது வயிற்றில் வெகுநேரம் கிடக்கும். கிடக்கிற வரை மாட்டுக்கு அடுத்த வாய் எடுக்கத் தோன்றாது. கொஞ்சம் பிண்ணாக்கு சேர்ந்தால் அதே வைக்கோல் சீக்கிரம் செரிக்கும், தீனியும் கூடும். அது வரைக்கும் எனக்குத் தெரியும். எள்ளுப் பிண்ணாக்கு வாங்க விடியற்காலையில் பொன்னேரிக்குப் புறப்பட்டேன்.

“மச்சான், வெள்ளை ரெண்டு நாளா ஒண்ணுமே தின்னல” என்றான் மஸ்தான்.

“பிண்ணாக்கு வரட்டும். அதுவரைக்கும் தண்ணி காட்டு.”

மறுநாள் மதியம்தான் திரும்ப முடிந்தது. பட்டியில் நுழையும்போதே புளிப்பு நாற்றம். மூன்று பெரிய மாடுகளுக்குச் சாணம் தண்ணீராகப் போயிருந்தது. அதில் வெள்ளை எருது படுத்துக் கிடந்தது. இடது விலா உப்பியிருந்தது. ஒன்றும் அசைபோடவில்லை.

“என்ன போட்ட?”

“சோறு. அண்டா அண்டாவா வடிச்சுப் போட்டேன். ஆசையா தின்னுச்சு மச்சான். வெள்ளைக்கு ரெண்டு பங்கு வச்சேன்.” தலை நிமிராமல் சொன்னான்.

பழக்கமில்லாத வயிற்றில் ஒரேயடியாகச் சோறு விழுந்தால் புளித்துவிடும். கஞ்சி, சோறு எல்லாவற்றையும் நிறுத்தினோம். எழுந்தவற்றை மெல்ல நடத்தி, காய்ந்த வைக்கோலை மட்டும் போட்டோம். தாயம்மா நல்ல தண்ணீர் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தார். இரண்டு மாடுகள் மறுநாள் அசைபோட ஆரம்பித்தன. வெள்ளை எழவேயில்லை. மஸ்தான் அதன் தலையைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். அன்று பொழுது சாய்வதற்குள் அது செத்தது.

செத்த மாட்டைக் கசாப்புக்காரர் தொடமாட்டார். மணலில் புதைத்தோம். குழி வெட்ட நான் மண்வெட்டியை எடுத்தபோது, “நானே வெட்டுறேன்” என்று மஸ்தான் வாங்கிக்கொண்டான்.

மற்ற பெரிய மாடுகளுக்கு முதலில் ஒரு கைப்பிடிப் பிண்ணாக்கை ஊறவைத்து வைக்கோலில் பிசிறினோம். நாளாக ஆகக் கொஞ்சம் கூட்டினோம். குட்டை மாடுகளை வைக்கோல் ஓரளவுக்குத் தாங்கியது. பிண்ணாக்குச் சேர்ந்ததும் அவையும் முதுகு பரந்து நின்றன. கப்பல் வந்ததும் துபாஷி குட்டை எட்டையும் எடுத்துக்கொண்டார். பெரியவற்றில் ஏழு மட்டும் பொறுக்கினார். நான்கைக் கழித்தார். பெரிய மாட்டில் இறைச்சி அதிகம்தான், ஆனால் தின்றால்தானே. என்னைக் கேட்டால் அடுத்த தடவை பாதிக்கு மேல் பொன்னேரிப் பக்கத்திலேயே வாங்குவேன். நெல்லூர் மாடு ஓட்டி வருவதென்றால், ஊரிலேயே அரை மாதம் வைக்கோல் பழக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பும் வழியில் ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் எதிரே ஒருவர் பெரிய எருதுகளாக ஓட்டிக்கொண்டு வந்தார். நான் வணக்கம் சொல்லிவிட்டு நடந்தேன். சற்றுத் தூரம் போய்த் திரும்பினால் மஸ்தானைக் காணோம். அவரை நிறுத்தி, எங்களிடம் மீந்திருந்த பிண்ணாக்கு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“இந்த ஒரு பிடி, இவ்ளோதான் மொதல் நாளைக்கு. எவ்ளோ பசியா இருந்தாலும் சோறு மட்டும் போட்றாத நைனா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவர் கேட்டுவிட்டுப் போகப் பார்த்தார். மஸ்தான் விடவில்லை, மறுபடியும் முதலிலிருந்து சொன்னான்.