கறுப்பைக் குளிப்பாட்டிய சனிக்கிழமை

பிரிவதென்றும் உட்லண்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டை விற்பதென்றும் முடிவானபோது, நானும் என் மனைவியும் சண்டை போடாமல் பிரித்துக்கொண்டது பூனைகளை மட்டும்தான். கறுப்பு எனக்கு, வெள்ளை அவளுக்கு. இது ஒன்றாவது சுலபமாக முடிந்ததே என்று வீட்டு ஏஜண்ட் கூடச் சிரித்தார். அதைவிட முட்டாள்தனமான காரியத்தை நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்தவை. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டியில் கிடந்தவற்றை அவள்தான் தூக்கிவந்தாள். ஆறு வருஷம் ஒரே நாற்காலியில் சுருண்டு படுத்தன. சண்டையும் உண்டு, ரோமம் பறக்கும். அரை மணி நேரம் போனால் ஒன்று வந்து மற்றதன் பக்கத்தில் உட்காரும், காதை நக்கிவிடும், அத்தோடு சரி. "பாத்துக் கத்துக்குங்க" என்பாள் மனைவி. நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வீட்டில் எலியும் பூனையுமாக இருந்தது நாங்கள் இரண்டு பேரும்தான்.

அவள் பிடோக்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். நான் செம்பவாங்கில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தேன். விவாகரத்துக்கு இன்னும் மனு போடவில்லை. அதற்குள் ஏதாவது நடந்து அவள் திரும்பி வந்துவிட மாட்டாளா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். இதில் என்ன வெட்கம், ஏங்கினேன்தான்.

மூன்றாம் வாரம் கறுப்பு சாப்பாட்டை நிறுத்தியது. டின் மீனை மோந்து பார்த்துவிட்டு வாசற்கதவுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கும். தன்னை நக்கிச் சுத்தம் செய்வதைக்கூட விட்டுவிட்டது. கால்நடை மருத்துவர் தடவிப் பார்த்து, உடம்பில் ஒன்றும் இல்லை, துணையைத் தேடுகிறது என்றார். அன்றைக்குத்தான் பிரிந்த பிறகு முதல்முறையாக மனைவியைக் கைப்பேசியில் அழைத்தேன். வெள்ளையும் கட்டிலுக்கு அடியில் கிடந்து கத்துகிறது என்றாள். கடைசியில் அவளே சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை வெள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், இரண்டும் சேரட்டும், யாராவது ஒருவர் வைத்துக்கொள்வோம் என்று.

பூனைகள் சேர்வது இருக்கட்டும், அவள் என் வீட்டு வாசற்படி ஏறப்போகிறாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய் ஆட்டுக்கறி, மல்லிகைப்பூ, நல்ல சாம்பிராணி எல்லாம் வாங்கினேன். வந்து வீட்டைக் கழுவித் துடைத்தேன். கறுப்பு அழுக்காக நாறிக்கொண்டு கிடந்தது. வளர்க்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாளே என்று அதையும் பிடித்து ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினேன். கையெல்லாம் கீறல். பிறகு வெள்ளிக்கிழமை செய்வதுபோல மூலை முடுக்கெல்லாம் சாம்பிராணிப் புகை போட்டேன். ஈரம் காயட்டும் என்று பூனைக்கும் சேர்த்துக் காட்டினேன்.

மறுநாள் அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். கூடையைக் கீழே வைத்துத் திறந்தாள். வெள்ளை வெளியே பாய்ந்து கறுப்பை நோக்கி ஓடியது. கறுப்பு ஒரு மாதிரி முனகிக்கொண்டே எதிரே போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கும் மூக்கும் தொட்டன. வெள்ளை அப்படியே நின்றது. முதுகைத் தூக்கிச் சீறி, கறுப்பின் முகத்தில் ஓர் அறை விட்டது.

கறுப்பு திருப்பி அடிக்கவில்லை. வயிறு தரையில் படப் படுத்து மறுபடி நகர்ந்து போனது. மறுபடி அறை. காதில் ரத்தம். மனைவி ஒரு துண்டை எடுத்து வெள்ளையை மூடித் தூக்கிக் கூடைக்குள் வைத்தாள். பிறகு கறுப்பை மோந்து பார்த்தாள்.

"குளிப்பாட்டினீங்களா?"

ஆமாம் என்றேன்.

"பூனைக்கு மூஞ்சியா முக்கியம்? வாசம்தாங்க ஆளு. நக்கி நக்கி ரெண்டும் ஒரே வாசமா இருந்துச்சு. ஏற்கெனவே வேற வேற வீடு. மிச்சமிருந்ததையும் நீங்க கழுவிட்டீங்க."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடிந்தது. நீ வருகிறாய் என்றுதான் செய்தேன் என்றேன். அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சாமி படத்தில் பூ, அடுப்பில் கறி.

"எப்பவும் இதேதான். சண்டை போட்ட மறுநாள் வீட்டைக் கழுவி, பூ வாங்கி வச்சுட்டு நிப்பீங்க. நான் ஏன் அழுதேன்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொன்னாள். நான் யோசித்துப் பார்த்தேன். கேட்டதே இல்லை.

பூனைகளை இன்னும் சேர்க்க முடியும் என்றாள். தனித்தனி அறையில் வைத்து, படுத்த துணியை மாற்றி மாற்றிப் போட்டு, மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு வைத்து மெல்லப் பழக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதை இங்கேயே வந்து செய்யலாமே என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். உங்கள் ஷிப்ட் வேலையில் அது நடக்காது, அக்கா வீட்டில் ஓர் அறை சும்மா இருக்கிறது, இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். கறுப்பை நானே என்னிடமிருந்த இன்னொரு கூடைக்குள் விட்டேன்.

டாக்சி கீழே வந்துவிட்டது. கதவருகே நின்று திரும்பினாள்.

"உங்க சட்டை ஒன்னு குடுங்க. புது எடத்துல கறுப்பு பயப்படும், பக்கத்துல போட்டு வைக்கிறேன். துவைக்காததா குடுங்க."

உள்ளே ஓடினேன். அழுக்குக்கூடை காலி. அலமாரியைத் திறந்தேன், எல்லாம் துவைத்துத் தேய்த்து அடுக்கியிருந்தது. தலையணை உறையைக்கூட மாற்றியிருந்தேன். உடம்பில் கிடந்தது அவளுக்காக வாங்கிய புதுச் சட்டை. அதையே கழற்றிக்கொண்டுபோய் நீட்டினேன்.

அவள் வாங்கி மோந்து பார்த்தாள். பிறகு நான்காக மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, இரண்டு கூடைகளையும் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போனாள்.