லாலிபாப் சனிக்கிழமை

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், ஹீட்டர் ரிப்பேர் என்பார் வெர்ன் கெஸ்லர். பொய்யில்லை. திங்களிலிருந்து வெள்ளி வரை அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் தெற்குப் பக்கத்துச் செங்கல் வீடுகளில், நிலவறைக்குள், வீட்டைச் சூடாக்கும் கருவி முன் மண்டியிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடப்பார். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டால் அவர் மனைவி ரோஸ்மேரிக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"அது வயித்துக்கு. சனி ஞாயிறு வந்துட்டா இவரைப் பிடிக்க முடியாது. எந்தத் திடல்ல எந்தப் பொண்ணு ஓடுதுன்னு பாக்கப் போயிடுவாரு."

பதினான்கு வயதுப் பெண்களின் மாநிலக் கால்பந்து அணிக்கு ஆள் பார்த்துச் சொல்கிறவர்களில் வெர்ன் ஒருவர். தேசிய அணிக்கு யாரும் ஒரே தாவலில் போய்விடுவதில்லை. ஊர் கிளப், அதற்கு மேல் மாநிலம், அதற்கு மேல் பல மாநிலங்கள் சேர்ந்த வட்டாரம் என்று ஏணி போகிறது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வெர்ன் நிற்பது கீழ்ப்படி. அதற்காக அவருக்குக் கிடைத்தது மாநில அணியின் முத்திரை போட்ட ஒரு நீல ஜாக்கெட். அதையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டுதான் திடலுக்குப் போவார். முத்திரையைப் பார்த்துவிட்டால் பெற்றோர் சுற்றிக்கொள்வார்கள். முதலில், இந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்பதுபோல, நீங்க படிச்சது எந்த ஹைஸ்கூல் என்பார்கள். இரண்டாவது வாக்கியத்தில் தங்கள் மகள் வந்துவிடுவாள். அதனால் மூலைக்கொடிப் பக்கம், ஆளில்லாத இடமாகப் பார்த்து நிற்பதுதான் அவர் வழக்கம்.

இலையுதிர் பருவம் முடிகையில் அவர் ஒரே ஒரு பெயரைச் சொல்லலாம். அந்தப் பெண் குளிர்கால முகாமுக்குப் போவாள். போன வருஷங்களில் அவர் சொன்ன பெயர்கள் சரியாக அமையவில்லை. ஒருத்தி நீச்சலுக்குப் போய்விட்டாள், இன்னொருத்தி குதிரை ஓட்டப் போய்விட்டாள். "வெர்ன் சொன்ன பொண்ணா? அப்போ அடுத்த வருஷம் வேற விளையாட்டுல பாக்கலாம்" என்று மற்றவர்கள் கூட்டத்தில் கிண்டலடித்தார்கள். அவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் காரில் திரும்பும்போது ரேடியோ போடவில்லை.

இந்த வருஷம் அவரிடம் ஒரு பெயர் இருந்தது. அய்லா முய்கிச்.

பீவோ பக்கத்துப் பெண். போஸ்னியாவில் சண்டை நடந்த காலத்தில் ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. அப்பா சேயாத் கான்கிரீட் கலவை டிரக் ஓட்டுகிறவர். அய்லா நடுக்களத்தில் ஆடுவாள். உயரமில்லை, வேகமும் சுமார்தான். வெர்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. அந்த வயதுப் பிள்ளைகள் பந்தைத்தான் பார்ப்பார்கள், பூனை நூலுருண்டையைப் பார்ப்பதுபோல. அய்லா அப்படியில்லை. பந்து காலுக்கு வருமுன்பே தலையைத் திருப்பி, பின்னால் யார், பக்கத்தில் யார் என்று பார்த்துவிடுவாள். பார்த்த இடத்துக்கே பந்து போகும். சொல்லிக்கொடுத்து வருகிற குணமில்லை அது என்று வெர்ன் நம்பினார். ஒரு வருஷமாக மழை வெயில் பாராமல் அவள் ஆடுகிற இடத்துக்கெல்லாம் போனார்.

"அந்தப் பொண்ணுக்கு முதுகுல கண்ணு" என்று மாநில அணியின் கோச் லின் காஸ்டெல்லியிடம் சொன்னார்.

"நீ இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லையே" என்றாள் லின். "சனிக்கிழமை நானும் வந்து பாக்கறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பேரை அனுப்பிடு."

அது எந்தச் சனிக்கிழமை என்று இருவருக்குமே நினைவிருக்கவில்லை. அந்த ஊர் லீக்கில் பருவத்துக்கு ஒரு நாள் அப்படி வைத்திருக்கிறார்கள். அன்று கோட்டுக்கு வெளியே நிற்கிற யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பெற்றோர், கோச், பாட்டன் பாட்டி யாரும். உதை, ஓடு, அவளை விடாதே என்று ஆளாளுக்குக் கத்தி, பிள்ளைகள் யார் சொல்வதைக் கேட்பதென்று திணறுவதைப் பார்த்து யாரோ கொண்டுவந்த ஏற்பாடு. வாயை அடைக்க ஆளுக்கொரு லாலிபாப்.

மெரமெக் ஆற்றோரத் திடலின் வாசலில் ஒரு பெண்மணி வாளியோடு நின்றிருந்தாள்.

"நான் அப்பா இல்லைங்க" என்றார் வெர்ன்.

"வாய் இருக்கில்ல? எடுத்துக்குங்க."

அவருக்குப் பச்சை கிடைத்தது. லின் சிவப்பு எடுத்துக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியபோது திடலே வேறு இடமாகியிருந்தது. புல்லில் பந்து உருளும் சத்தம் கேட்டது. ஆற்றுக்கு மேலே வாத்துகள் கத்திக்கொண்டு போயின. தூரத்து நெடுஞ்சாலையின் இரைச்சல்கூட, இத்தனை நாள் எங்கே இருந்தது என்பதுபோல வந்து நின்றது.

முதல் பந்து அய்லாவிடம் வந்தது. நின்றாள். பறிகொடுத்தாள்.

சரி, முதல் பந்துதானே என்று நினைத்தார் வெர்ன். இரண்டாவது பந்தும் அப்படியே போயிற்று. மூன்றாவது வருமுன் தலையைத் திருப்பினாள். வெர்ன் நிமிர்ந்து நின்றார். ஆனால் தலை திரும்பியது ஆட்டக்காரிகள் பக்கமில்லை, ஓரக்கோட்டுப் பக்கம். மறுபடி பறிபோயிற்று. பக்கத்தில் லின் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. லாலிபாப் குச்சி மட்டும் உதட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்ந்தது.

காய்ச்சலோ, பரீட்சையோ, தோழியோடு சண்டையோ என்று வெர்ன் காரணம் தேடினார். பிறகு அவள் பார்த்த திசையில் தானும் பார்த்தார். அங்கே சேயாத் நின்றிருந்தார். வாயில் லாலிபாப். வலது கை தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் விரல்கள் சும்மா இல்லை. இடப்பக்கம் ஒரு வெட்டு, வலப்பக்கம் ஒரு வெட்டு. கை வெட்டிய பக்கம் மகளின் தலை திரும்பியது.

வழக்கமாக சேயாத் கத்துவதை வெர்ன் கேட்காமலில்லை. அந்தக் குரல் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும். போஸ்னிய மொழி. யாருக்கும் புரியாது. திட்டுகிறார், பாவம், விளையாட்டு வெறி என்று எல்லோரையும்போல வெர்னும் ஒதுக்கிவிட்டிருந்தார்.

தொழிலில் இது அவருக்குப் பழக்கமான விஷயம்தான். வீடு சூடாகவில்லை என்று கூப்பிடுவார்கள். ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தால் குறையே இருக்காது. அதற்கு உத்தரவு கொடுக்கும் தெர்மோஸ்டாட் வேறெங்கோ ஒரு அறையில் மாட்டியிருக்கும்.

இடைவேளையில் ஜாக்கெட்டைக் கழற்றி, முத்திரை தெரியும்படி நேராகப் போட்டுக்கொண்டு சேயாத்திடம் போனார். இடைவேளையில் பேசலாம்.

"நீங்க எந்த ஹைஸ்கூல்?" என்றார் சேயாத், லாலிபாப்பைக் கன்னத்துக்கு ஒதுக்கி. ஊர் அவரிடமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெர்ன் சொன்னார். பிறகு, "உங்க பொண்ணு இன்னைக்கு ஒரு மாதிரியா ஆடறா" என்றார்.

"வாயைக் கட்டிட்டா எப்படி ஆடுவா?"

"அவ வாயையா?"

"என் வாயை."

"மத்த நாள்ல நீங்க கத்தறது என்ன?"

"நீங்க என்னன்னு நினைச்சீங்க?"

"திட்டறீங்கன்னு."

சேயாத் சிரித்ததில் குச்சி விழப் பார்த்தது. "திட்டறதுக்கு அவ அம்மா இருக்கா. நான் வழி சொல்லுவேன். இடப்பக்கம், வலப்பக்கம், பொறு, திரும்பு, பின்னாடி ஆள் வரா. நான் போஸ்னியால, ஜெனித்சா ஊர்ல, ரெண்டாம் டிவிஷன் ஆடினவன். என் கண்ணு தப்பாது."

"ஒவ்வொரு பந்துக்குமா?"

"கோல் அடிக்கறப்போ சொல்றதில்லை. அது அவ இஷ்டம்."

அதில் ஒளிவுமறைவே இல்லை. மழையில் மகளுக்குக் குடை பிடித்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். வெர்னுக்குக் கோபப்படவும் வழியில்லை.

"இப்பவும் உங்க கையைப் பாத்துத்தான் ஆடறா" என்றார்.

சேயாத் தன் கையைப் பார்த்தார். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல.

இரண்டாம் பாதியில் அவர் திடலுக்கு முதுகைக் காட்டி, கார்கள் நிற்கும் பக்கம் பார்த்து நின்றார். ஆட்டம் முடியும்வரை அப்படியே. அய்லா ஒருமுறை ஓரக்கோட்டைப் பார்த்தாள். அப்பாவின் முதுகுதான் தெரிந்தது. அதன் பிறகு அவள் ஆடியது பார்க்கச் சங்கடமாக இருந்தது. வந்ததை உதைத்தாள், போனதைத் துரத்தினாள். ஒரே ஒரு தடவை பந்தைக் காலடியில் மிதித்து நிறுத்தி, எதிரிகள் நெருங்கும்வரை அசையாமல் நின்று, தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். பிறகு உதைத்தாள். அது தப்பான ஆளிடம் போயிற்று. அவள் அணி தோற்றது.

"முதுகுல கண்ணுன்னியே" என்றாள் லின், கார் கதவைத் திறந்தபடி.

"கண்ணு இருக்கு. முதுகு அவளோடது இல்லை."

லின்னுக்கு அது சட்டென்று புரியவில்லை. வெர்ன் விளக்கினார். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "பேரு உன்னோடது. நீ அவளைத்தான்னு சொன்னா நான் மறுக்க மாட்டேன். நாளைக்குச் சொல்லு."

அன்று சாயங்காலம் ரோஸ்மேரி மெல்லிசு பீட்ஸாவைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்தாள். வெர்ன் ஓரத்துத் துண்டுகளை மட்டும் தின்றுகொண்டிருந்தார்.

"என்ன, தோத்தது நீயா அந்தப் பொண்ணா?"

"ஒரு வருஷமா நான் ஒரு டிரக் டிரைவரோட வளர்ச்சியைக் கவனிச்சிட்டு இருந்திருக்கேன்."

"அவருக்கு என்ன வயசு?"

"ஐம்பது இருக்கும்."

"முகாமுக்கு வயசு தாண்டிருச்சு" என்றாள் ரோஸ்மேரி. வெர்ன் சிரிக்கவில்லை என்று கண்டதும் எதிரில் உட்கார்ந்தாள். "அனுப்பினா என்ன ஆகும்?"

"முகாம்ல வேலிக்கு உள்ளே அப்பா அம்மாவை விடமாட்டாங்க. ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பிடுவாங்க. இவளுக்கு ஆட்டம் தெரியலைன்னு ஒரு வார்த்தை எழுதிட்டா, மேல்படி வரைக்கும் அது கூடவே போகும்."

"அனுப்பலைன்னா?"

"அடுத்த வருஷம் பதினஞ்சு வயசு அணி. அங்கே என்னை மாதிரி ஒருத்தர் ஒரு வருஷம் நின்னு பாப்பாரான்னு தெரியாது."

மறுநாள் மதியம் அவர் அனுப்பிய பெயர் டெஸ் ஓபர்மையர். அதே அணியில் பின்வரிசை இடப்பக்கம் ஆடுகிறவள். யார் கத்தினாலும் கத்தாவிட்டாலும் ஒரே மாதிரி ஆடுகிறவள். அய்லாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் வெர்ன் அவளைக் கவனித்ததே இல்லை.

தேர்வாகாதவர்களிடம் யாரும் போய்ச் சொல்வதில்லை. வழக்கம் அப்படி. பட்டியல் வெளிவரும், அதில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். வெர்ன் பீவோவுக்குக் காரை ஓட்டினார்.

சேயாத் செம்புக் கெண்டியில் காபி போட்டார். அய்லா மேசைக்கு எதிரில், ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். அனுப்பியது டெஸ்ஸின் பெயரை என்று வெர்ன் சுற்றிவளைக்காமல் சொன்னார்.

காபி ஊற்றிக்கொண்டிருந்த சேயாத்தின் கை நின்றது. "ஒரு நாள் ஆட்டத்தை வச்சு ஒரு வருஷத்தைத் தள்ளிட்டீங்க. நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு போன மாசம் சொல்லியிருந்தா மூடியிருப்பேனே."

"போன மாசம் எனக்குத் தெரியாதே."

"அப்போ தப்பு உங்களோடது."

"ஆமா" என்றார் வெர்ன். "ஆனா முகாமுக்குப் போய்த் திரும்பி வரப்போறது அவ."

அய்லா கேட்டாள்: "மிஸ்டர் கெஸ்லர், இத்தனை நாள் நீங்க பாத்தது என்னையா, பாபோவையா?"

பாபோ என்றது அப்பாவை.

"எனக்கே தெரியலைம்மா."

"எனக்கும்தான். நேத்து இருட்டுல நடக்கற மாதிரி இருந்துச்சு. பாபோ சும்மா இருந்தாக்கூட அவர் குரல் கேக்கும்னு நினைச்சேன். கேக்கலை."

"சினே" என்றார் சேயாத் மெதுவாக. மகன் என்று அர்த்தம். மகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஒரு தடவை பந்தை மிதிச்சு நின்னியே" என்றார் வெர்ன்.

"அந்தப் பாஸ் தப்பு."

"தப்புதான். ஆனா அது யாரு சொல்லிக் குடுத்ததும் இல்லை. அதைப் பாக்கத்தான் திரும்ப வரப்போறேன். பேரு அனுப்புவேனான்னு கேக்காதே. வரேன்னு மட்டும்தான் சொல்றேன்."

"டெஸ் நல்லா ஆடுவா" என்றாள் அய்லா. பிறகு எழுந்து உள்ளே போனாள். சேயாத் மிச்சக் காபியை ஊற்றினார். இருவரும் குடித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை சாதாரணச் சனிக்கிழமை. போன வாரம் அடக்கி வைத்ததையும் சேர்த்து எல்லோரும் கத்தினார்கள். வெர்ன் ஜாக்கெட்டை நேராகவே போட்டுக்கொண்டு மூலைக்கொடிப் பக்கம் நின்றார். இரண்டு அப்பாக்கள் வந்து ஹைஸ்கூல் கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக சேயாத் வந்தார். வாயில் லாலிபாப். ஜாக்கெட் பையில் இன்னும் ஒரு பொட்டலம் உப்பியிருந்தது.

"பல்லு போயிடும் போல" என்றார். "டாக்டர் பில்லை உங்க மாநில அணிக்குத்தான் அனுப்பப்போறேன்."

"ரெண்டாம் டிவிஷன்ல பல்லெல்லாம் இருந்துச்சா?"

"மேல் வரிசை இருந்துச்சு."

அய்லா முதல் பந்தைப் பறிகொடுத்தாள். அடுத்ததையும். சேயாத்தின் வாயில் குச்சி கடிபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பந்து வந்தது. அது காலைத் தொடுமுன் அவள் தலை திரும்பியது. ஓரக்கோட்டுப் பக்கமில்லை, மறுபக்கம். அங்கே வெறும் புல்தான் இருந்தது. ஒரு கணம் கழித்துத்தான் அவள் தோழி அந்தப் புல்லுக்குள் ஓடி வந்தாள்.

அய்லா உதைத்தாள். கொஞ்சம் நீளம். பந்து தோழியைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, ஆற்றுப் பக்கம் உருண்டது.

சேயாத் லாலிபாப்பை வாயிலிருந்து எடுத்தார். வெர்ன் அவரைப் பார்த்தார். சேயாத் அதைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார்.